விடையோடு அதன் வழியையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் பொது அறிவுப் பகுதியையும் அறிவியல் செய்திகளையும் தொடர்ந்து வாசித்து வருபவன் என்ற உரிமையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். தொற்றுநோய்களைப் பற்றியும் விண்வெளி ஆய்வைப் பற்றியும் அண்மைக்காலமாக அங்கே நிறைய இடம்பெறுவது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் அவை பெரும்பாலும் ஒரு வரிக் கேள்வியாகவும் ஒரு சொல் விடையாகவும் நின்றுவிடுகின்றன. அந்த விடை எப்படிக் கண்டறியப்பட்டது, எந்த அளவுக்கு உறுதியானது, எந்தத் தேதி நிலவரப்படி சரியானது என்பவை விடுபட்டுப் போகின்றன. வேறு துறைகளில் இதனால் பெரிய பாதிப்பு இல்லாமல் இருக்கலாம். இவ்விரு துறைகளில் அவை இல்லாத விடை சில மாதங்களிலேயே தவறான விடையாகிவிடுகிறது. தொற்றுநோய் விஷயத்தில் அது ஆபத்தான விடையாகவும் ஆகிவிடுகிறது.

சூரியக் குடும்பத்தில் அதிக நிலவுகளைக் கொண்ட கோள் எது என்ற கேள்வி போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு நன்கு பழகியது. 2023 பிப்ரவரியில் வியாழனின் நிலவுகள் 92 என்று கணக்கு உயர்ந்தபோது வியாழனே சரியான விடையாக இருந்தது. சில மாதங்களில் சனியின் எண்ணிக்கை 146 ஆனது. 2025 மார்ச்சில் மேலும் 128 நிலவுகள் ஏற்கப்பட, சனியின் கணக்கு 274 ஆயிற்று. இவை பெரும்பாலும் சில கிலோமீட்டர் அகலமே உள்ள பாறைகள். மணிக்கணக்கில் எடுத்த தொலைநோக்கிப் படங்களைச் சனியின் நகர்வுக்கேற்ப நகர்த்தி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போதுதான், தனிப் படத்தில் தெரியாத மங்கலான புள்ளி வெளிப்படுகிறது. அந்தப் புள்ளி உண்மையில் சனியைத்தான் சுற்றுகிறதா என்பதை உறுதிசெய்ய ஆண்டுக்கணக்கில் அதைப் பின்தொடர வேண்டியிருக்கிறது. இதை அறிந்த மாணவருக்கு நாளை எண்ணிக்கை மீண்டும் கூடினால் வியப்பிருக்காது. 274 என்ற எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு, அதுவரை படித்ததெல்லாம் பொய்யோ என்ற ஐயம்தான் எழும்.

சந்திரயான்-3 நம் அனைவருக்கும் பெருமை தந்த பயணம். அதனாலேயே அதைப் பற்றிய விடைகள் துல்லியமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். 2023 ஆகஸ்ட் 23 அன்று அதன் தரையிறங்கு கலமான விக்ரம் இறங்கிய இடம் நிலவின் தெற்கே 69 டிகிரி அட்சரேகையை ஒட்டியது. துருவம் 90 டிகிரியில் இருக்கிறது. நிலவில் ஒரு டிகிரி என்பது சுமார் 30 கிலோமீட்டர் என்பதால், விக்ரம் நின்ற இடத்திலிருந்து தென் துருவம் 600 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. அதுவரை எந்த நாட்டுக் கலமும் அவ்வளவு தெற்கே பத்திரமாக இறங்கியதில்லை என்பதே உண்மையான சாதனை. அது எந்த மிகையும் தேவைப்படாத சாதனை. அந்தக் கலத்தில் சேஸ்ட் என்றொரு கருவி இருந்தது. பத்து வெப்ப உணரிகள் பதித்த அதன் மெல்லிய தண்டு நிலவின் மண்ணுக்குள் 10 சென்டிமீட்டர் வரை இறங்கியது. தரையிறங்கிய நான்காம் நாள் இஸ்ரோ வெளியிட்ட முதல் வரைபடத்தில் மேற்பரப்பின் வெப்பநிலை 50 டிகிரி செல்சியஸுக்கு மேலாகவும், எட்டே சென்டிமீட்டர் ஆழத்தில் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 10 டிகிரியாகவும் இருந்தது. ஒரு கைவிரல் நீளத்துக்குள் இவ்வளவு வேறுபாடு இருக்கிறதென்றால், நிலவின் மேல்மண் வெப்பத்தை எவ்வளவு மோசமாகக் கடத்துகிறது என்பது விளங்கும்.

கதை அத்துடன் முடியவில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. 2025இல் வெளியான விரிவான ஆய்வுக் கட்டுரை, கருவி இறங்கிய இடத்தில் பகலின் உச்ச வெப்பநிலை 82 டிகிரி என்றும், அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் தள்ளியிருந்த சமதரையில் 59 டிகிரி என்றும் தெரிவித்தது. விக்ரம் நின்ற தரை சூரியனை நோக்கி 6 டிகிரி சரிந்திருந்ததே இதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அப்படியானால் சூரியனுக்கு எதிர்ப்புறம், அதாவது துருவத்தை நோக்கி, 14 டிகிரிக்கு மேல் சரிந்திருக்கும் தரையில் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேயே பனிக்கட்டி நிலைத்திருக்க வாய்ப்புண்டு. துருவத்துக்கே போகாமல், இறங்குவதற்கு எளிதான இடங்களிலும் தண்ணீரைத் தேடலாம் என்ற வழி இதனால் திறக்கிறது. தரையிறங்கிய நாளின் செய்தி முதல் பக்கத்தை நிறைத்தது. அதன் உண்மையான அறிவியல் பயன் எனக்குத் தெரிந்தவரை எந்தத் தமிழ் நாளிதழின் பொது அறிவுப் பகுதியிலும் ஒரு கேள்வியாகக்கூட வரவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, வருத்தமாகச் சொல்கிறேன்.

2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோளைப் பற்றிய செய்திகள் இன்னொரு விதமான சிக்கலைக் காட்டின. சிலியில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி 2024 டிசம்பர் 27 அன்று அதைக் கண்டறிந்தது. சுமார் 60 மீட்டர் அகலமுள்ள அப்பாறை 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோதும் வாய்ப்பு 2025 ஜனவரி இறுதியில் ஒரு சதவீதத்தைத் தாண்டியது. பிப்ரவரி 18 அன்று 3.1 சதவீதம் வரை உயர்ந்தது. அடுத்த ஒரு வாரத்துக்குள் ஏறக்குறைய இல்லை என்னும் அளவுக்குச் சரிந்தது. உயர்ந்தபோது அச்சத்தோடும் சரிந்தபோது ஏளனத்தோடும் மக்கள் பேசிக்கொண்டார்கள். விஞ்ஞானிகள் மிரட்டிவிட்டுப் பின்வாங்கினார்கள் என்றே பலர் எண்ணினார்கள். உண்மையில் கணக்கு நடக்க வேண்டிய முறையிலேயே நடந்தது. சில வார அவதானிப்பைக் கொண்டு எட்டு ஆண்டுகளுக்குப் பிறகான இடத்தைக் கணிக்கும்போது விடை ஒரு புள்ளியாகக் கிடைக்காது. பெருந்தொலைவு நீண்ட ஒரு பட்டையாகவே கிடைக்கும். அந்தப் பட்டைக்குள் எங்கோ ஓரிடத்தில் பூமி இருக்கும். புதிய அவதானிப்புகள் சேரச் சேரப் பட்டை சுருங்குகிறது. பூமியோ அதே அளவில் இருக்கிறது. எனவே பட்டை பூமியை விட்டு விலகும் வரை, அதில் பூமிக்குரிய பங்கு கூடிக்கொண்டே போகும். விலகிய கணத்தில் அது பூஜ்யத்தை நோக்கி விழும். வாய்ப்பு உயர்வதாக முதல் செய்தி வந்த நாளிலேயே இந்த ஒரு விளக்கம் அருகில் இருந்திருந்தால் அச்சமும் எழுந்திருக்காது, பின்னர் ஏளனமும் எழுந்திருக்காது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, 124 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள கே2-18பி என்ற கோள். 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வுக் குழு, அதன் வளிமண்டலத்தில் உயிர்களோடு தொடர்புடைய ஒரு கந்தகச் சேர்மத்தின் அடையாளம் இருப்பதாக அறிவித்தது. அது மூன்று சிக்மா அளவிலான சான்று என்று அக்குழுவே தெளிவாகச் சொன்னது. ஒரு முடிவு தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு எவ்வளவு குறைவு என்பதைக் காட்டும் அளவே சிக்மா; எண் கூடக் கூட உறுதியும் கூடும். கண்டுபிடிப்பு என்று அறிவிக்க ஐந்து சிக்மா வேண்டும் என்பது வழக்கம். அதே தரவுகளை ஆராய்ந்த வேறு குழுக்கள், அந்த அடையாளம் உறுதியாகத் தெரியவில்லை என்று எழுதின. அவ்வெச்சரிக்கை ஆய்வாளர்களின் அறிக்கையில் இருந்தது. செய்தித் தலைப்புகளுக்கு வந்து சேருவதற்குள் உதிர்ந்துவிட்டது.

விண்வெளிச் செய்தியில் நேரும் தவறால் யாருக்கும் உடல்நலம் கெடுவதில்லை. தொற்றுநோய்க்கு வரும்போது நிலைமை வேறு. கொரோனா எப்படிப் பரவுகிறது என்ற கேள்விக்கு 2020இல் கிடைத்த விடைகளைத் தாங்களும் மறந்திருக்கமாட்டீர்கள். கொரோனா காற்றின் வழியே பரவும் நோயன்று என்று அவ்வாண்டு மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம் சமூக ஊடகத்தில் திட்டவட்டமாக அறிவித்தது. இருமும்போதும் தும்மும்போதும் வெளிப்படும் கனமான துளிகள் ஓரிரு மீட்டருக்குள் தரையில் விழுந்துவிடும். ஆகவே இடைவெளி விட்டு நின்றால், கைகளைக் கழுவினால், தொட்ட பரப்புகளைத் துடைத்தால் போதும் என்பதே அதன் பின்னிருந்த எண்ணம். ஆனால் அந்த அறிவிப்புக்கு முன்பே, மார்ச் 10 அன்று, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்திருந்தது. வந்திருந்த 61 பேரில் ஒருவருக்கு மட்டும் நோய் அறிகுறி இருந்தது. பின்னர் 32 பேருக்குச் சோதனையில் உறுதியாகவும், மேலும் 20 பேருக்கு அநேகமாகவும் தொற்று ஏற்பட்டதாகக் கணக்கிடப்பட்டது, இருவர் இறந்தனர். ஓரிரு மீட்டரில் விழுந்துவிடும் துளிகளால் மட்டும் ஓர் அறையில் இருந்த இத்தனை பேருக்குத் தொற்று பரவியதென்று விளக்குவது கடினம்.

எங்கே பிழை நேர்ந்தது என்று ஆராய்ந்தவர்கள் 5 மைக்ரான் என்ற ஓர் எண்ணில் வந்து நின்றார்கள் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 5 மைக்ரானுக்கு மேற்பட்ட துளிகள் விழுந்துவிடும், அதற்குக் குறைந்தவையே மிதக்கும் என்று மருத்துவப் பாடநூல்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தன. காசநோய் ஆராய்ச்சியில்தான் அந்த எண்ணுக்கு முக்கியத்துவம் வந்தது. 1950களில் பால்டிமோரில் ஒரு காசநோய் வார்டின் காற்று மட்டுமே சென்று சேரும்படி அமைத்த கூண்டுகளில் கினிப்பன்றிகளை வைத்து, அந்நோய் காற்றின் வழியே பரவுவதை வெல்ஸ், ரைலி என்ற ஆய்வாளர்கள் நிறுவினார்கள். காசநோய்க் கிருமி நுரையீரலின் அடியாழத்தை எட்டினால்தான் நோய் வேர்விடும். அவ்வளவு ஆழம் செல்லக்கூடியவை 5 மைக்ரானுக்குட்பட்ட துகள்கள். நுரையீரலின் ஆழத்தை எட்டும் அளவும், காற்றில் மிதக்கக்கூடிய அளவும் காலப்போக்கில் ஒன்றாகக் குழம்பிவிட்டன. இயற்பியலின்படி, 5 மைக்ரானைவிடப் பல மடங்கு பெரிய துகள்களும் மூச்சின் வேகத்துக்கும் அறையின் காற்றோட்டத்துக்கும் ஏற்பக் கணிசமான நேரம் மிதக்கவே செய்யும். 2020 ஜூலையில் லிடியா மொராவ்ஸ்கா, டொனால்டு மில்டன் ஆகியோரின் கட்டுரைக்கு 239 அறிவியலாளர்கள் ஆதரவு தெரிவித்து இதை வலியுறுத்தினார்கள். சுவாசத்தில் வெளிப்படும் எல்லா அளவுத் துகள்களும் காற்றின் வழியே தொற்றைக் கடத்தக்கூடும் என்ற விளக்கத்தை உலக சுகாதார நிறுவனம் 2024 ஏப்ரலில் வெளியிட்டது. இடைப்பட்ட காலத்தில் கதவுகளையும் கைப்பிடிகளையும் துடைத்த ஊக்கத்தில் ஒரு பகுதியையாவது சன்னல்களைத் திறந்துவைப்பதிலும் காற்றோட்டத்தைச் சீர்செய்வதிலும் காட்டியிருந்தால் எவ்வளவோ உயிர்களைக் காத்திருக்கலாம் என்று உறுதியாக நம்புகிறேன்.

இதில் எந்த அமைப்பையும் குற்றவாளியாக்குவது என் நோக்கமன்று. புதிய நோய் ஒன்று வந்த மூன்றாம் மாதத்தில் யாரும் முழுமையாக அறிந்திருக்க முடியாது. அறிந்தது எவ்வளவு, ஊகித்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லியிருக்க முடியும். நாளிதழ்களும் அப்படியே பிரித்து அச்சிட்டிருக்க முடியும். அப்படி அச்சிட்டிருந்தால், பின்னர் முகக்கவசம் பற்றிய அறிவுரை மாறியபோது மக்கள் அதைக் குழப்பமாகவோ சூழ்ச்சியாகவோ எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

எச்ஐவிக்கு எதிரான லெனாகபவிர் பற்றிய செய்திகளிலும் இதே அவசரம் தெரிந்தது. எச்ஐவிக்கு நூறு சதவீதம் பலன் தரும் தடுப்பூசி வந்துவிட்டது என்று பரவலாகப் பகிரப்பட்டது. அது தடுப்பூசி அன்று. வைரஸின் மரபுப் பொருளை மூடியுள்ள புரத உறையில் ஒட்டிக்கொண்டு, அவ்வுறை தன் வேலையைச் செய்யவிடாமல் தடுக்கும் மருந்து. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை ஊசியாகச் செலுத்தப்படுகிறது. உடலின் நோயெதிர்ப்பாற்றலுக்கு அது எதையும் கற்றுக்கொடுப்பதில்லை என்பதால் ஊசியை நிறுத்தினால் பாதுகாப்பும் காலப்போக்கில் நின்றுவிடும். தடுப்பூசி என்று நம்பி ஒருமுறை போட்டுக்கொண்டு ஒருவர் திரும்ப வராமல் போனால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இளம்பெண்களிடையே நடந்த முதல் ஆய்வில், இம்மருந்தைப் பெற்ற 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று ஏற்படவில்லை. நூறு சதவீதம் என்ற பேச்சு அங்கிருந்து வந்தது. பல நாடுகளில் வேறு பிரிவினரிடம் நடந்த அடுத்த ஆய்வில் ஏறத்தாழ 2,180 பேரில் 2 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. அப்போதும் இது மிகச் சிறந்த முடிவுதான். முதல் ஆய்வில் ஊசிக்குப் பதிலாக அன்றாடத் தடுப்பு மாத்திரை பெற்ற குழுக்களில் 55 பேருக்குத் தொற்று ஏற்பட்டதற்கு, பலரும் மாத்திரையைத் தொடர்ந்து விழுங்க முடியாமல் போனதே முக்கியக் காரணம் என்பது அவர்களது இரத்தத்தில் இருந்த மருந்தின் அளவைச் சோதித்தபோது தெரிந்தது. நாள்தோறும் மாத்திரை விழுங்குவது இளம்பெண்களுக்கு ஏன் கடினமாகிறது என்பதும் ஊசி அதை எப்படி எளிதாக்குகிறது என்பதும்தான் இந்த ஆய்வின் உயிர்நாடி. நூறு என்ற எண்ணில் அது தென்படாது.

போலியோ குறித்தும் ஒரு சொல். இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ நோயாளிக்கு 2011 ஜனவரி 13 அன்று நோய் தொடங்கியது. 2014 மார்ச் 27 அன்று தென்கிழக்கு ஆசிய மண்டலம் போலியோ அற்றதாகச் சான்றளிக்கப்பட்டது. இவ்விரு தேதிகளும் தேர்வுக்கு உதவும். இடைப்பட்ட மூன்றாண்டுகளில் என்ன நடந்தது என்பதே அறிவு. கை கால் திடீரெனத் தளர்ந்த, 15 வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தையையும் தேடிப்பிடித்து, 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரிகளை எடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்பி, அது போலியோ அல்ல என்று காட்ட வேண்டியிருந்தது. சாக்கடை நீரிலும் வைரஸைத் தேடினார்கள். சொட்டு மருந்தில் உள்ள வலுவிழந்த வைரஸ், தடுப்பு மருந்து பெறாதவர்கள் நிறைந்த இடத்தில் நெடுநாள் சுற்றினால் மீண்டும் வலுப்பெறக்கூடும் என்பதால் அந்தத் தேடல் இன்றும் தொடர்கிறது. 2022இல் நியூயார்க் மாநிலத்தில் தடுப்பூசி போடாத ஒருவருக்குக் கால்கள் செயலிழந்தது இப்படிப்பட்ட வைரஸால்தான்.

ஆகவே தங்களிடம் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். மாறக்கூடிய எந்த விடைக்கும் அருகில் அது எந்த மாதத்து நிலவரம் என்பதை அச்சிடுங்கள். ஒரு மருந்தைப் பற்றிய செய்தியில், சோதனை மனிதரிடம் நடந்ததா விலங்கிடம் நடந்ததா, எத்தனை பேரிடம் நடந்தது, ஆய்வுக் கட்டுரை பிற நிபுணர்களின் மதிப்பாய்வுக்கு உட்பட்டதா என்பவற்றைக் கட்டாயமாக்குங்கள். முதல் அறிவிப்புக்கு முதல் பக்கம் தந்தால், அது பின்னர் உறுதியானாலும் மறுக்கப்பட்டாலும் அந்தத் தொடர்ச்சிக்கும் வாசகர் கண்ணில் படும் இடம் தாருங்கள். இடம் போதாதென்று ஆசிரியர் குழு கூறக்கூடும். கேள்விகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துவிட்டு, மீதியுள்ளவற்றில் ஒன்றையாவது ‘எப்படி’ என்றோ ‘ஏன்’ என்றோ கேட்கலாம். தேர்வுக்குப் படிப்பவருக்கு இதனால் இழப்பு எதுவும் இல்லை. காரணத்தோடு படித்தது நினைவில் நிற்கும் என்பதை ஆசிரியப் பணியில் இருப்பவர்கள் எவரும் சொல்வார்கள்.

இதற்கு இயல்பான ஒரு தொடக்கமும் காத்திருக்கிறது. சில நூறு மீட்டர் அகலமுள்ள அபோபிஸ் என்ற சிறுகோள் 2029 ஏப்ரல் 13 அன்று, தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்கள் சுற்றும் உயரத்தைவிட நெருக்கமாக, பூமியின் மேற்பரப்பிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் தொலைவில் கடந்து செல்லப் போகிறது. கண்டுபிடிக்கப்பட்ட 2004ஆம் ஆண்டின் இறுதியில் அது மோதும் வாய்ப்பு 2.7 சதவீதம் வரை கணக்கிடப்பட்டது. 2021இல் ராடார் அவதானிப்புகளுக்குப் பிறகு, குறைந்தது அடுத்த நூறு ஆண்டுகளுக்கு மோதல் இல்லை என்று நாசா அறிவித்தது. அந்த ஏப்ரல் நெருங்கும்போது பழைய 2.7 சதவீதத்தை எடுத்துக்கொண்டு வதந்திகள் கைப்பேசிகளில் கட்டாயம் வலம்வரும். அதற்கு முன்பே அதன் பாதை எப்படி அளக்கப்பட்டது, எண் எப்படி மாறியது, இன்று எதை வைத்து உறுதியாகச் சொல்கிறார்கள் என்பதைத் தங்கள் பொது அறிவுப் பகுதியில் ஒரு தொடராக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர் ஒருவர்